சுவரில் ஏறிய பெயர்

அடிலெய்டு,
12 அக்டோபர் 1993

அன்புத் தங்கை எர்சீலியாவுக்கு அக்கா லொரேத்தா எழுதுவது.

மாதாவின் தயவில் என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். உன் சுகத்தையும் உன் வீட்டுக்காரர் நூன்சியோவின் இருமல் எப்படி இருக்கிறது என்பதையும் எழுது.

என் பேத்தி ஓர்னெல்லா, அதுதான் நம் நெல்லா, இந்நேரம் நம் ஊர் மலையேறி வந்திருப்பாள். உலகம் முழுக்க எத்தனையோ ஓவியர்கள் எழுதிப் போட்டதில் அவளைத்தான் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். பழைய கன்னியர் மடத்தில் அறை, சாப்பாடு, ஜன்னலைத் திறந்தால் மலை. வேலை என்ன? வசந்தம் வரை உட்கார்ந்து படம் வரைவது! நீயும் நானும் அந்த மடத்துக்குத் துணி துவைக்கப் பின்வாசல் வழியாகப் போனவர்கள். என் பேத்தி முன்வாசல் வழியாகப் போகிறாள். இங்கே இத்தாலியர் கிளப்பில் இதைச் சொன்னபோது கார்மெலா முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். அவள் பேரன் பல் டாக்டராம். "பல் டாக்டர் தெருவுக்கு ஒருத்தன் இருக்கான்டி. உன் பேரனை இத்தாலியிலேருந்து ஆள் விட்டுக் கூப்பிட்டாங்களா?" என்று கேட்டேன்.

நெல்லா வரைந்த நம் ஊர்க் கோயில் படம் ஈஸ்டருக்கு கிளப்புக்கு வரும் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அவளுக்கு ஞாபகப்படுத்து. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு உன் வீட்டில்தான். இளைத்துப் போய் வந்தாள் என்றால் உன்னைத்தான் கேட்பேன்.

இரு கன்னத்திலும் முத்தம்.
லொரேத்தா


ரோக்காசெல்வா,
6 நவம்பர் 1993

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கல்லறைத் திருநாளன்று வந்தது. அம்மா அப்பா கல்லறையில் உன் பேரிலும் பூ வைத்தேன். இங்கே மழையும் மூடுபனியும்தான். மற்றபடி குறையில்லை. நூன்சியோவின் இருமல் அவருக்கு முன்னால் எழுந்துவிடுகிறது. பன்றி வெட்டும் காலம் வருகிறது. "இந்த வருஷம் வேண்டாம்" என்றால் கேட்கிற ஆளா? கீழ்ப் பள்ளத்தாக்கில் அவர் கத்தி நுழையாத சமையற்கட்டு இல்லை. வெட்டுவது, சாசேஜ் கட்டுவது, ஒரு ஊர் வம்பை அடுத்த ஊருக்குச் சுமப்பது எல்லாம் அவர்தான்.

நெல்லா நல்ல பிள்ளை. ஆனால் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காலையில் பஸ் ஏறுகிறாள், சாயங்காலம் சேறோடு வருகிறாள். "எதுவுமே கண்ணுல நிக்க மாட்டேங்குது, சின்னப் பாட்டி" என்கிறாள். மலையை எல்லாரும் வரைந்துவிட்டார்களாம், கோயிலையும்தான். இப்போது அவளைப் பிடித்திருப்பது பஸ் நிறுத்தத்துப் பலகைகள். சாவு நோட்டீஸ் மேல் சர்க்கஸ், சர்க்கஸ் மேல் தேர்தல், அதன் மேல் மறுபடி சாவு நோட்டீஸ் என்று ஒட்டிக் கிடக்குமே, அதை அடை அடையாக உரித்துக்கொண்டு வந்து மேசையில் போட்டு விளிம்பையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "ஒரு ஊர் தன் வாழ்நாள் முழுக்கப் பேசினது இதுல இருக்கு" என்கிறாள்.

நூன்சியோவுக்கு ஒரே சிரிப்பு. "செத்தவங்களை ஆஸ்திரேலியாவுக்கு ஏத்துமதி பண்றியாடி?" என்றார். உரிக்கும்போது கிழிகிறது என்று அவள் அழாத குறையாகச் சொன்னாள். "காஞ்சதைச் சுரண்டினா கிழியத்தான் செய்யும். பன்னிக்கு வெந்நீர் ஊத்தின சூட்டோட சுரண்டினாத்தான் மயிர் வரும். புதுசா பசை தடவி ஒட்டின இடமாப் பாரு. அடியெல்லாம் ஊறிக் கிடக்கும். பின்னால கையை விட்டா மொத்தமா வந்துரும். ஆனா மேல இருக்கற தேதியைப் பாத்துக்க. அடக்கம் முடிஞ்சதுன்னா எடு" என்றார். அப்படியே செய்தாள். ஆட்டுத்தோல் மாதிரி முழுசாக வந்ததாம். அன்றைக்கு இருவரும் குடித்த ஒயினை நான் சொல்ல மாட்டேன்.

உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.
எர்சீலியா


அடிலெய்டு,
22 நவம்பர் 1993

தங்கை எர்சீலியாவுக்கு,

நலம். கோபத்தோடு நலம்.

சுவர்க் காகிதம் உரிப்பதற்கா அவளைக் கூப்பிட்டார்கள்? அதைச் செய்ய நகராட்சியில் ஆள் இல்லையா? நீயும் உன் புருஷனும் சேர்ந்து பிள்ளையைக் கெடுக்கிறீர்கள். நூன்சியோவிடம் சொல்: பன்றியைப் பற்றிப் பேசட்டும், படத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

நான் ஐந்தாவதோடு நிறுத்தப்பட்டவள். எனக்கு ஓவியம் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோயில் எப்படி இருக்கும் என்று தெரியும். அதை வரையச் சொல். மணிக்கூண்டு தெரிய வேண்டும்.

லொரேத்தா


ஃபெர்ராரா,
11 ஜனவரி 1994

அன்புள்ள பாட்டிக்கு,

புது வருட முத்தங்கள். குளிர் எலும்பில் இறங்குகிறது. ஆனாலும் நன்றாகச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதீர்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் மடத்தில் இருக்க முடியவில்லை. வெனிஸ் போனேன், ஒரே நாளில் ஓடி வந்துவிட்டேன். பதுவா, மாந்தோவா, இப்போது இங்கே. எந்தச் சுவரைப் பார்த்தாலும் எனக்கு முன்னால் ஒருவர் வரைந்து முடித்து, அதற்கு வெளிச்சமும் போட்டு வைத்திருக்கிறார்கள். அவற்றின் முன்னால் நின்றால் என் கை சில்லிட்டுப் போகிறது. ரயிலில் உட்கார்ந்தால் இறங்க வேண்டும் போலவும், இறங்கினால் அடுத்த ரயில் ஏற வேண்டும் போலவும் இருக்கிறது.

நேற்று காலை இங்கே போஸ்டர் ஒட்டுகிறவர் ஒருவரின் பின்னாலேயே தெருத் தெருவாகப் போனேன். வாளி, நீளக் குச்சியில் தூரிகை, இரண்டு வீச்சில் ஒரு தாள். திரும்பிப் பார்த்து, "என்னம்மா, வேலை வேணுமா?" என்று கேட்டார். வேண்டும் என்று சொல்லத்தான் வாய் வந்தது.

அடுத்த வாரம் ரோக்காசெல்வா திரும்புகிறேன். கோயில் படம் நடந்துகொண்டிருக்கிறது பாட்டி. மணிக்கூண்டு தெரியும்.

உங்கள் நெல்லா


ரோக்காசெல்வா,
21 ஜனவரி 1994

அன்புள்ள அக்கா,

நூன்சியோ போய்விட்டார். பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை விடியலில். முந்தின நாள் வனத்து அந்தோணியார் திருநாள். தெருவில் தீ மூட்டினார்கள், அவரும் போய்க் கை காய்ந்துவிட்டு வந்தார். பன்றிகளைக் காக்கிற புனிதர் அல்லவா. அவரிடம் கணக்கைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் படுத்திருக்கிறார்.

புதன் மதியம் அடக்கம். நம் தெருக்காரர்கள் வந்தார்கள். கீழே பள்ளத்தாக்கிலிருந்து யாரும் வரவில்லை. உனக்குத் தெரியும், நம் பக்கம் சாவுக்குப் போன் செய்து கூப்பிடுவதில்லை. ஒருத்தியைக் கூப்பிட்டால் கூப்பிடாதவளுக்கு அவமானம். சுவர்தான் எல்லாரையும் ஒன்றாகக் கூப்பிட வேண்டும். அன்றைக்கு மூடுபனி அதிகம்.

பெட்டி தூக்க ஆள் போதவில்லை. மடத்திலிருந்து ஓவியர்கள் இறங்கி வந்தார்கள். ஒரு பக்கம் நார்வேக்காரச் சிற்பி, தென்னை உயரம். மறுபக்கம் நம் கோயில்பிள்ளை, அவன் இடுப்பு உயரம். பெட்டி சாய்ந்துகொண்டே போனது. அவர் பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்.

நெல்லா அன்று காலைதான் வடக்கேயிருந்து வந்தாள். என் பக்கத்திலேயே நின்றாள். இப்போது கொஞ்சம் ஊர் சுற்றிவிட்டு வருகிறேன் என்று தெற்கே போயிருக்கிறாள்.

வேறொன்றும் எழுத வரவில்லை.
எர்சீலியா


லெச்சே,
27 ஜனவரி 1994

அன்புள்ள சின்னப் பாட்டிக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நீங்கள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் ஓடியிருக்க மாட்டேன். அன்று விடியற்காலை பள்ளத்தாக்கு ஸ்டேஷனில் இறங்கினேன். மூடுபனியில் என் கையே எனக்குத் தெரியவில்லை. ஃபொந்தெபோனா நிறுத்தத்தில் பலகையைத் தொட்டுப் பார்த்தேன், பசை ஈரம். பின்னால் கையை விட்டேன், மொத்தமாக வந்தது. வெறி பிடித்துவிட்டது. வால்நேராவில் இறங்கி எடுத்தேன். அதற்கு மேலே இருக்கும் ஊர்களிலும் எடுத்தேன். எல்லா இடத்திலும் ஈரம். என்ன அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். தாத்தா சொன்னபடி தேதியைப் பார்க்கவில்லை. பெயரையும் பார்க்கவில்லை. முகப்பை உள்ளே வைத்துச் சுருட்டிக்கொண்டேன்.

உங்கள் கதவு திறந்து கிடந்தது. உள்ளே மெழுகுவர்த்தி. வாசலில் நின்றபோதுதான் சுருள் கையில் விரிந்தது. கறுப்புக் கட்டத்துக்குள் தாத்தா பெயர். நீங்கள் அதைப் பார்த்தீர்கள். என் கையிலிருந்து வாங்கி விறகுப் பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு, "கையில பசை இருக்கு பாரு, கழுவிட்டு வந்து தாத்தாவைத் தொடு" என்றீர்கள். அவ்வளவுதான்.

அவர்கள் யாருக்குமே தெரியாது, சின்னப் பாட்டி. யாரையும் வரவிடாமல் செய்தது நான். நேப்பிள்ஸில் இருந்தேன், முடியவில்லை. இங்கேயும் சுவரைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறேன். பாட்டிக்கு எழுத நாலு தாளை வீணாக்கினேன். எழுதினால் லெச்சே தபால் நிலையத்துக்கு எழுதுங்கள், தினமும் போய்க் கேட்கிறேன்.

நெல்லா


அடிலெய்டு,
31 ஜனவரி 1994

என் தங்கமே எர்சீலியா,

கடிதத்தைப் படித்துவிட்டு கறுப்பு உடுப்பை உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் கையைப் பிடித்துக்கொள்ள இந்தக் கடல் விடவில்லை. நூன்சியோவுக்கு இங்கே பூசை சொல்லிவிட்டேன்.

ஆனால் அந்தப் பள்ளத்தாக்குக்காரர்களை நான் விடப்போவதில்லை. அவர் கட்டிக் கொடுத்த சாசேஜைப் பாதி ஆயுசு தின்றவர்கள் பெட்டிக்குத் தோள் கொடுக்க வரவில்லையா? சுவர் கூப்பிட்டும் வராதவன் மனுஷனா? மூடுபனியாம்! பன்றி வெட்டுகிற அன்று மூடுபனி இருந்தால் அவர் வராமல் இருந்தாரா? ஃபொந்தெபோனா பல்மீராவுக்கு இன்றே எழுதிவிட்டேன். என் மகனுக்கு ஞானத்தாய் என்றும் பார்க்கவில்லை. வால்நேராவில் எனக்குத் தெரிந்த வீடுகளுக்கும் எழுதினேன். நன்றாக உறைக்கும்படி எழுதினேன்.

உனக்காவது என் நெல்லா பக்கத்தில் நின்றாளே. ஊரே கைவிட்டாலும் என் ரத்தம் கைவிடவில்லை என்று கிளப்பில் எல்லாரிடமும் சொன்னேன்.

ஒழுங்காகச் சாப்பிடு. உனக்காக இல்லாவிட்டாலும் எனக்காக.
லொரேத்தா


ரோக்காசெல்வா,
10 பிப்ரவரி 1994

நெல்லாவுக்கு,

நான் சுகம். உன் கடிதம் வந்தது. இதை அவசரத் தபாலில் போடுகிறேன்.

நேற்று ஃபொந்தெபோனாவிலிருந்து பல்மீரா வந்தாள். கையில் உன் பாட்டி கடிதம். உட்காரக்கூட இல்லை. "எர்சீலியா, உன் புருஷன் செத்தது எனக்குச் சந்தையில, மீன்காரன் சொல்லித் தெரிஞ்சது. எங்க சுவருல நோட்டீஸே இல்லை. நீ எங்களை வேண்டாம்னு வெச்சிட்டேன்னு ஊரே மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டுக் கெடக்கு. நாங்க உன்னைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. இப்ப உங்கக்கா ஆஸ்திரேலியாவுலேருந்து எங்களை நன்றிகெட்ட நாய்ங்கறா. நீ சொல்லு, நாங்க நாயா?" என்று கேட்டாள். அவள் அழுதுகொண்டே பஸ்ஸுக்குப் போனாள்.

இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். உன் பாட்டி உன்னை மாதா படத்துக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறாள். அதைக் கழற்றுகிற கை என் கையாக வேண்டாம் என்று இருந்தேன். ஆனால் அவர் போன வீடுகளெல்லாம் இப்போது தலை குனிந்து நிற்கின்றன. நான் பேசினால் நீயும் அவளும் போவீர்கள். பேசாவிட்டால் அவர்கள் போவார்கள்.

உன்னை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. முப்பதாம் நாள் பூசையை இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்குச் சாமியார் வைத்திருக்கிறார். அதற்கும் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். அச்சகத்துக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

எர்சீலியா


ஃபொந்தெபோனா,
21 பிப்ரவரி 1994

லொரேத்தாவுக்கு பல்மீரா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். நாய்களும் சுகம்.

உன் கடிதத்துக்குப் பதிலாக இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். எங்கள் ஊர்ச் சுவரில் ஒட்டியதில் மிஞ்சியது, கேட்டு வாங்கினேன். அச்சு இல்லை, கையால் எழுதியது. கண்ணாடி போட்டுக்கொண்டு படி. உன் கண் சரியில்லாமல் போயிருந்தால் என்று கீழேயும் எழுதுகிறேன்:

"நூன்சியோ. எல்லார் வீட்டுக்கும் வந்தவர். முப்பதாம் நாள் பூசை, ஞாயிறு காலை, ரோக்காசெல்வா. அவர் இறந்த செய்தி இந்தச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. அதை நீங்கள் பார்க்கும் முன்னே உரித்துக்கொண்டு போனவள் நான். எர்சீலியா உங்களை மறக்கவில்லை. நீங்களும் அவரை மறக்கவில்லை. வாருங்கள். இதை எழுதி ஒட்டியவள்: ஓர்னெல்லா, லொரேத்தாவின் பேத்தி."

பள்ளத்தாக்கில் எல்லாச் சுவரிலும் இருக்கிறது. உன் பெயரோடு.

பல்மீரா


ரோக்காசெல்வா,
23 பிப்ரவரி 1994

அன்புள்ள அக்கா,

பல்மீரா உனக்கு எழுதிவிட்டதாகச் சொன்னாள். அதனால் நலம் விசாரிக்காமல் நேரே சொல்கிறேன். உன்னிடம் மறைத்தேன். உனக்குப் பேத்தி ஒருத்திதான். பள்ளத்தாக்கோ நீ விட்டுப் போனது. திட்டினால் அதைத் திட்டிக்கொள்ளட்டும் என்று விட்டேன். அது தப்பு. அவர்களுக்குச் செய்த தப்பு.

நெல்லா பதினான்காம் தேதி வந்தாள். "அச்சகம் வேண்டாம், நானே எழுதறேன்" என்றாள். என் சமையல் மேசையில் உட்கார்ந்தாள். அக்கா, அவள் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன். ஒவ்வொரு தாளும் தனித்தனியாக, தூரிகையால், கறுப்பு மையில். எழுத்து சாய்ந்தால் கிழித்துப் போட்டு மறுபடி எழுதினாள். பாட்டி பெயரை ஏன் போடுகிறாய் என்று கேட்டேன். "என் பேரை யாருக்குத் தெரியும், சின்னப் பாட்டி? யார் வீட்டுப் பொண்ணுன்னுதானே கேப்பாங்க" என்றாள்.

மாவுப் பசை வாளியோடு ஊர் ஊராக நடந்தாள். நானும் வால்நேரா வரை கூடப் போனேன். அங்கே கிழவர் ஒருவர் படித்து முடிக்கும்வரை பின்னால் நின்றார். "நீதானா அந்தக் களவாணி?" என்றார். "ஆமா தாத்தா." "மேல் மூலை தூக்கிட்டு நிக்குது. நல்லாத் தடவு. இதையும் எவளாவது உரிச்சுட்டுப் போயிடப் போறா." அவள் அழுதுகொண்டே தடவினாள். கிழவர் போகாமல் நின்று மற்ற மூலைகளையும் காட்டிக் கொடுத்தார்.

ஞாயிறன்று கோயில் கொள்ளவில்லை. படியிலும் சதுக்கத்திலும் நின்றார்கள். அடக்கத்துக்கு வந்தது போலவே கறுப்பில் வந்தார்கள், பூசை முடிந்ததும் சொல்லி வைத்த மாதிரி கல்லறைக்கு நடந்தார்கள். பல்மீரா என்னைக் கட்டிக்கொண்டாள். நெல்லாவிடம் பேசவில்லை. திரும்பிப் போகும்போது மட்டும், "உங்க பாட்டி நாக்கு உனக்கு இல்லை. நல்லவேளை" என்றாள்.

போன வாரம் வால்நேராவில் ஒரு கிழவி இறந்தாள். அவள் மகன் மடத்துக்கே வந்து, எங்கள் அம்மாவுக்கும் கையால் எழுதித் தருவாயா என்று கேட்டான். ஓவியர்களைப் பார்த்துக்கொள்ளும் மடத்துத் தலைவி, கடைசியில் வைக்கிற கண்காட்சிக்கு என்ன தருவாய் என்று கேட்கிறாள். "சுவர்ல இருக்கு, போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டாளாம். "அதுமேல வேற ஒட்டிருவாங்களே" என்றால், "ஒட்டட்டும்" என்கிறாள். உன் கோயில் படம் என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை. அதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

பதில் எழுது, அக்கா. திட்டியாவது எழுது.
எர்சீலியா


அடிலெய்டு,
17 ஏப்ரல் 1994

எர்சீலியாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். முழங்காலும் இருக்கிறது.

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் உடம்பு இல்லை. எழுதினால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது. உன்மேல்தான் அதிகக் கோபம். அவர்களை நாய் என்று நான் எழுதும்போது நீ கையைப் பிடித்திருக்க வேண்டாமா? கடல் இருந்தால் என்ன, தந்தி இல்லையா? அந்தக் கோபம் இன்னும் போகவில்லை, தெரிந்துகொள்.

ஈஸ்டருக்கு கிளப்புக்குப் போகவில்லை. கார்மெலா வீட்டுக்கே வந்துவிட்டாள், காய்ச்சலா என்று பார்க்க. மேசைமேல் அந்தத் தாள் விரிந்து கிடந்தது. மறைக்க நேரமில்லை. முழுக்கப் படித்தாள். "ஏன்டி லொரேத்தா, உன் பேத்தி படம் வரையப் போனாளா, சாவு நோட்டீஸ் ஒட்டப் போனாளா?" என்றாள். எனக்கு என்ன வந்ததோ, "உன் பேரன் ஒரு நல்ல பல்லைப் பிடுங்கிட்டா இப்படி ஊர் ஊரா எழுதி ஒட்டுவானா?" என்று கேட்டேன். அவள் தாளை மறுபடி ஒருமுறை பார்த்தாள். பிறகு, "மாட்டான்" என்றாள். காபி குடித்துவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். படிப்பதை விட்டுவிட்டு வெறுமனே பார்த்தேன். ஒரு எழுத்துகூட ஒளிந்துகொள்ளவில்லை. ஐந்தாவது படித்தவளும் எழுத்துக் கூட்டாமல் படித்துவிடலாம்.

வால்நேரா வீடுகளுக்கெல்லாம் எழுதிவிட்டேன். பல்மீராவுக்கு எழுதத்தான் மூன்று நாள் ஆனது. மன்னிப்பு என்ற சொல்லைப் போட்டே எழுதினேன். என் வயதில் அந்தச் சொல் எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியும்.

மடத்தில் நெல்லாவின் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. அவள் அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கப் பார்க்கிறாள் என்று எனக்கு எழுதியிருக்கிறாள், என் சம்மதம் கேட்டு. நீ அவளிடம் சொல். இருக்கட்டும். ஆனால் என் நோட்டீஸையும் அவள்தான் எழுத வேண்டும். நான் சாவது இங்கேதான் என்றாலும் பள்ளத்தாக்கில் ஒரு சுவர் விடாமல் ஒட்ட வேண்டும். பல்மீரா வீட்டு எதிர்ச் சுவரில் இரண்டாக ஒட்டட்டும்.

நூன்சியோ தாளில் என் பெயர் ரொம்பச் சின்னதாக, கடைசி வரியில் இருக்கிறது. எனக்கு எழுதும்போது அதைப் பெரிதாகப் போடச் சொல். அவசரமில்லை என்றும் சொல்.

உன் அக்கா,
லொரேத்தா